புள்ளிக்குப் பின்னால் எதை வைப்பது? முதன்முறையாக இணையப் பெயர் வாங்குவோருக்கு

காங்கேயத்தில் மரச்செக்கு எண்ணெய்க்கடை வைத்திருக்கும் என் மாமா ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போன் செய்தார். "மாப்ளே, நம்ம கடை வெப்சைட்டத் தொறந்தா சூதாட்ட விளம்பரமா வருது. என்னன்னு பாரேன்."

பார்த்தேன். கடையின் இணையப் பெயர், அதாவது டொமைன், காலாவதியாகி மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. வேறு யாரோ அதை எடுத்துவிட்டார்கள். எண்ணெய் டின் லேபிள், விசிட்டிங் கார்டு, சரக்கு வேனின் பக்கவாட்டு என எல்லா இடத்திலும் அந்த முகவரிதான் இருந்தது. வெப்சைட் செய்து கொடுத்த பையன், பெயரைத் தன்னுடைய மின்னஞ்சலில் பதிந்திருந்தார். பிறகு வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த கடிதங்களெல்லாம் அவர் திறந்தே பார்க்காத பெட்டிக்குள் போய் விழுந்திருந்தன.

சரி, புதுப் பெயர் வாங்கலாம் என்று இருவரும் உட்கார்ந்தோம். கடையின் பெயரை அடித்ததும் கீழே ஒரு நீண்ட வரிசை இறங்கியது. டாட் இன், டாட் ஷாப், டாட் ஸ்டோர், டாட் ஆன்லைன், டாட் எக்ஸ்ஒய்இசட் என்று போய்க்கொண்டே இருந்தது. ஒன்று நூறு ரூபாய்க்குள், இன்னொன்று பல ஆயிரம். "இதுல எது மாப்ளே நல்லது?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சொன்னதையும், அதே கேள்வியோடு பின்னர் வந்தவர்களுக்குச் சொன்னதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எழுத்துமுறை பற்றி ஒரு சிறு குறிப்பு. முகவரியில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் பகுதியைத்தான் பின்னொட்டு என்கிறேன். ஆங்கில எழுத்தில் அடிக்கும் பின்னொட்டுகளை, டாட் காம் என்பதுபோல, ஒலிக்கிறபடியே எழுதுகிறேன். ".இந்தியா" என்று புள்ளி வைத்து எழுதினால், அந்தப் பின்னொட்டே தமிழ் எழுத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஆறு பின்னொட்டு ஆயிரத்தைத் தாண்டிய கதை

இணையப் பெயர் முறையை 1983ல் பால் மாகபெட்ரிஸ் வடிவமைத்தார். 1985ல் அது நடைமுறைக்கு வந்தபோது நாட்டுக் குறியீடுகளைத் தவிர்த்துப் பொதுப் பின்னொட்டுகள் ஆறுதான்: டாட் காம், டாட் நெட், டாட் ஆர்க், டாட் எஜு, டாட் கவ், டாட் மில். அந்த ஆண்டு மார்ச் 15ல் சிம்பாலிக்ஸ் என்ற அமெரிக்கக் கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிந்தது. பெயர்களை நிர்வகிக்க ஐகான் என்ற அமைப்பு 1998ல் உருவானது. அது 2000ல் டாட் இன்ஃபோ, டாட் பிஸ், டாட் நேம், டாட் மியூசியம் உள்ளிட்ட ஏழு பின்னொட்டுகளைத் தேர்ந்தெடுத்தது. அதன் பிறகு இன்னும் சில வந்தன. அதுவரை எல்லாம் கையால் எண்ணிவிடக்கூடிய அளவில்தான் இருந்தது.

2011 ஜூனில் சிங்கப்பூரில் கூடிய ஐகான் கூட்டம்தான் கதவைத் திறந்துவிட்டது. எந்த நிறுவனமும் அமைப்பும் ஒரு புதிய பின்னொட்டையே கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று அங்கே முடிவானது. கட்டணம் 1,85,000 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு கோடி ரூபாயை ஒட்டிய தொகை. அப்படியிருந்தும் 2012ல் 1,930 விண்ணப்பங்கள் குவிந்தன. 2013 அக்டோபர் 23 அன்று முதல் நான்கு பின்னொட்டுகள் இணையத்தின் தலைமைப் பட்டியலான வேர்ப்பட்டியலில் ஏறின. அந்த நான்கில் ஒன்றுகூட ஆங்கில எழுத்தில் இல்லை. ஒன்று அரபு, ஒன்று சீனம், இரண்டு ரஷ்ய எழுத்து. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். இன்று நாட்டுக் குறியீடுகளையும் சேர்த்து 1,400க்கும் மேற்பட்ட பின்னொட்டுகள் புழக்கத்தில் உள்ளன.

இவ்வளவு எதற்கு? டாட் காமில் மட்டும் 15 கோடிக்கும் அதிகமான பெயர்கள் பதிவாகியுள்ளன. சுருக்கமான நல்ல பெயர்களெல்லாம் என்றைக்கோ போய்விட்டன. புதியவர்களுக்கு இடம் வேண்டும் என்பது ஒரு காரணம். இதில் பெரும் வணிகமும் இருக்கிறது. ஒரே பின்னொட்டைப் பலர் கேட்டால் சில சமயம் ஏலம் விடுவார்கள். அப்படி 2016ல் டாட் ஷாப் 4.15 கோடி டாலருக்கும், டாட் வெப் 13.5 கோடி டாலருக்கும் ஏலம் போயின. அத்தனை பணம் போட்டவர் அதை நம்மைப் போன்றவர்களிடமிருந்துதான் ஆண்டுக் கட்டணமாகத் திரும்ப எடுக்க வேண்டும். பெயர் வாங்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

யார் யாரிடம் வாங்குகிறோம்

மாமாவுக்கு இதை எண்ணெய் வியாபாரக் கணக்கில்தான் சொன்னேன். பின்னொட்டு ஒன்றை முழுதாக நடத்துபவர் ரெஜிஸ்ட்ரி, அதாவது பதிவகம். அவர் மில்காரர் மாதிரி. டாட் காமுக்கு வெரிசைன், டாட் இன்னுக்கு நிக்ஸி. நாம் பணம் கட்டிப் பெயர் வாங்கும் நிறுவனம் ரெஜிஸ்ட்ரார், அதாவது பதிவாளர். அவர் சில்லறைக் கடைக்காரர் மாதிரி. பல மில்களின் சரக்கும் அவரிடம் இருக்கும். கடைக்காரர் சரியில்லையென்றால் அதே பெயரோடு வேறு கடைக்கு மாறிக்கொள்ளலாம். மில்லை மட்டும் மாற்ற முடியாது. பின்னொட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே அதை நடத்துகிறவரையும் தேர்ந்தெடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் பின்னொட்டு வெறும் அலங்கார விஷயமில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன்.

பெயர் "வாங்குகிறோம்" என்று சொன்னாலும் உண்மையில் அது குத்தகைதான். ஒரு நேரத்தில் அதிகபட்சம் பத்தாண்டுக்குக் கட்டலாம். பின்னர் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் படி: பின்னொட்டை மறந்துவிட்டு, பெயரைப் போனில் சொல்லிப் பாருங்கள்

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. வாழை என்பதில் ழ-வுக்கு இசட் எச் போடுவதா, எல் போடுவதா? நெடிலுக்கு ஏ ஒன்றா, இரண்டா? தமிழ்நாட்டில் பெரும்பாலும் இசட் எச் போடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் யாழ் என்பதையே ஆர் எல் போட்டு முடிப்பார்கள். ஒரே சொல்லை நான்கு பேர் நான்கு விதமாக அடிப்பார்கள். அதில் மூன்று பேர் உங்கள் தளத்துக்கு வந்து சேர மாட்டார்கள்.

ஆகவே, உங்கள் பெயரை மூன்று பேருக்குப் போனில் சொல்லி, ஆங்கிலத்தில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். மூவரும் ஒரே மாதிரி எழுதினால் அந்தப் பெயர் நல்ல பெயர். வேறு வேறாக எழுதினால், இரண்டு எழுத்துக்கூட்டலையும் பதிந்து ஒன்றை இன்னொன்றுக்குத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் குழப்பமில்லாத வேறு பெயரைத் தேடுங்கள். நடுவில் சிறு கோடு வேண்டாம். எண்ணும் வேண்டாம். "அஞ்சுன்னு எழுத்துல போடணுமா, நம்பர்லயா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

இரண்டாம் படி: பின்னொட்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்.

டாட் காம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் பலர் எந்தப் பெயருக்குப் பின்னாலும் தன்னிச்சையாக டாட் காம் என்றுதான் அடிக்கிறார்கள். புதிய பின்னொட்டில் கடை போட்டு, அதே பெயரின் டாட் காம் போட்டியாளர் கையில் இருந்தால், உங்கள் விளம்பரம் அவருக்கு ஆள் அனுப்பும். டாட் காம் வேறொருவரிடம் இருந்தால் முதலில் அதைத் திறந்து பாருங்கள். உங்கள் தொழிலிலேயே இருப்பவரா? அப்படியானால் பெயரையே மாற்றிவிடுவது நல்லது.

டாட் ஆர்க் தொண்டு நிறுவனங்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிக் கட்டுப்பாடு இல்லை, யாரும் பதியலாம். ஆனாலும் பொதுநல அமைப்பு என்ற எண்ணம் அதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்த எண்ணத்துக்கு ஒரு சோதனையும் வந்தது. டாட் ஆர்க்கை நடத்தும் பதிவகத்தை 2019ல் ஒரு தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க ஏற்பாடு நடந்தது. உலகெங்கும் தொண்டு அமைப்புகள் எதிர்த்தன. 2020 ஏப்ரல் 30ல் ஐகான் அந்தக் கைமாற்றத்துக்கு ஒப்புதல் தர மறுத்துவிட்டது. பின்னொட்டை நடத்துகிறவர் மாறலாம், விதிகளும் அதோடு மாறலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டியதில்லை.

அடுத்து, இரண்டெழுத்து நாட்டுப் பின்னொட்டுகள். சுமார் 250 இருக்கின்றன. இந்தியாவின் டாட் இன் 1989லிருந்தே இருக்கிறது, ஆனால் பொதுமக்களுக்குத் தாராளமாகத் திறந்துவிட்டது 2005ல்தான். இலங்கையின் டாட் எல்கே 1990ல் தொடங்கியது. உள்ளூர் வாடிக்கையாளர்தான் முக்கியம் என்றால் நாட்டுப் பின்னொட்டு மிக நல்ல தேர்வு. பார்த்ததுமே எந்த நாட்டுக் கடை என்று தெரிந்துவிடுகிறது. டாட் இன் பதியும்போது அடையாள ஆவணம் கேட்டால் தயங்க வேண்டாம், அது வழக்கமான சரிபார்ப்புதான்.

வேறு நாட்டின் பின்னொட்டை அதன் ஒலிக்காக வாங்குவதாயிருந்தால் நன்றாக யோசியுங்கள். டாட் ஏஐ என்பது செயற்கை நுண்ணறிவுக்காகப் பிறந்ததல்ல. கரீபியன் கடலில் இருக்கும் அங்கில்லா என்ற சின்னத் தீவின் நாட்டுக் குறியீடு. குறைந்தது இரண்டாண்டுக்குச் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். டாட் டிவி துவாலு நாட்டினுடையது. டாட் ஐஓ பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசத்தினுடையது. அந்தப் பிரதேசத்தில் அடங்கிய சாகோஸ் தீவுகளை மொரீஷியஸிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் 2025 மே மாதம் கையெழுத்திட்டதிலிருந்து அந்தக் குறியீட்டின் எதிர்காலம் பேச்சுப் பொருளாகிவிட்டது. நாட்டுப் பின்னொட்டுகளில் அந்தந்த நாட்டின் விதிதான் செல்லும், ஐகானின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகளில் பல செல்லாது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியபோது, பிரிட்டனில் மட்டும் முகவரி வைத்திருந்தவர்களில் பலர் தங்கள் டாட் இயூ பெயர்களை இழந்தார்கள். அவர்கள் தரப்பில் எந்தத் தவறும் இல்லை.

மூன்றாவது, 2013க்குப் பின் வந்த புதிய பின்னொட்டுகள். டாட் ஷாப், டாட் ஆன்லைன், டாட் ஸ்டோர், டாட் கிளப் போன்றவை. நல்ல சுருக்கமான பெயர் இங்கே கிடைக்கும் என்பது உண்மை. தையல்கடைக்கு டாட் ஷாப் பொருத்தமாகத்தான் இருக்கும். ஆனால் வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள்.

புதுப்பிக்கும் விலை என்ன? முதலாண்டு நூறு ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு இரண்டாமாண்டிலிருந்து இரண்டாயிரம், மூவாயிரம் கேட்கும் பின்னொட்டுகள் உண்டு. முதலாண்டு விலை பெரிய எழுத்தில் இருக்கும், புதுப்பிக்கும் விலை அதற்குக் கீழே சின்னதாக இருக்கும். அந்தச் சின்ன எழுத்துதான் உண்மையான விலை. "பிரீமியம்" என்று குறித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. சில பிரீமியம் பெயர்களுக்கு வாங்கும்போது மட்டுமல்ல, ஒவ்வோர் ஆண்டும் அதே உயர்ந்த விலைதான்.

விலை ஏறுமா? ஏறலாம். 2017ல் யூனிரெஜிஸ்ட்ரி என்ற பதிவகம் தன் பின்னொட்டுகள் சிலவற்றின் விலையைப் பல மடங்கு உயர்த்தியது. கையில் ஒரு பாதுகாப்பு இருக்கிறது: புதிய பொதுப் பின்னொட்டுகளில் புதுப்பிக்கும் விலையை ஏற்றுவதற்கு ஆறு மாதம் முன்பே பதிவகம் பதிவாளர்களுக்கு அறிவிக்க வேண்டும், அந்த இடைவெளியில் பழைய விலையிலேயே பத்தாண்டு வரை புதுப்பித்துக்கொள்ளலாம். செய்தி வந்ததும் செயல்பட்டால் போதும். ஆனால் செய்தி வரும் மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

நடத்துகிறவர் நிலைப்பாரா? டாட் வெட் என்று திருமணங்களுக்காக ஒரு பின்னொட்டு வந்தது. நடத்திய நிறுவனத்தால் தொடர முடியாமல் போய், 2017ல் அவசரகால ஏற்பாட்டின் கீழ் பிரிட்டனின் நாமினெட் என்ற பதிவகம் அதை எடுத்துக் காப்பாற்ற வேண்டியிருந்தது. இப்படி ஓர் அவசர ஏற்பாடு இருப்பது நல்லது. ஆனாலும் பல ஆண்டு ஓடவேண்டிய கடைக்கு, பலர் பயன்படுத்தும் பழகிய பின்னொட்டுதான் பாதுகாப்பு.

சில பின்னொட்டுகளுக்குத் தனி நிபந்தனைகள் உண்டு. டாட் ஆப், டாட் டெவ் இரண்டையும் கூகுள் நடத்துகிறது. அவற்றில், தகவலைப் பூட்டி அனுப்ப உதவும் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளத்தை உலாவி (பிரௌசர்) திறக்கவே செய்யாது. 2023ல் கூகுள் டாட் ஜிப் என்ற பின்னொட்டைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, கோப்புப் பெயரையும் இணைய முகவரியையும் குழப்பி ஏமாற்ற வழி பிறக்கிறது என்று பாதுகாப்புத் துறையினர் எச்சரித்தார்கள். கடைக்கு அதை வாங்க எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

தமிழ் எழுத்திலேயே முகவரி

தமிழ் எழுத்தில் இப்போது மூன்று பின்னொட்டுகள் உள்ளன: .இலங்கை, .சிங்கப்பூர், .இந்தியா. மூன்றும் 2010, 2011 ஆண்டுகளில் வேர்ப்பட்டியலில் சேர்ந்தவை. இவற்றில் புள்ளிக்கு முன்னாலும் தமிழிலேயே எழுதலாம். ழ-வுக்கு என்ன போடுவது என்ற தொல்லையே இல்லை. கடைப் பலகையில் இருக்கும் பெயரை அப்படியே அடித்தால் தளம் திறக்கும். ஆங்கிலம் படிக்காத என் அத்தை போனில் தமிழில்தான் தட்டச்சு செய்கிறார். அவரைப் போன்றவர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

உள்ளே நடப்பது இதுதான். இணையத்தின் பெயர்க் கணினிகளுக்கு இன்றும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சிறு கோடும்தான் புரியும். அதனால் உலாவி நம் தமிழ்ப் பெயரை எக்ஸ், என் என்ற இரண்டெழுத்தும் இரண்டு சிறு கோடுகளும் முன்னால் கொண்ட ஒரு குறியீடாக மாற்றி அனுப்பும். இந்த மாற்று முறைக்குப் பியூனிகோட் என்று பெயர். முகவரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும்போது சில சமயம் இந்தக் குறியீடு வெளியே தெரியும். பயப்பட வேண்டாம், பெயர் கெட்டுப்போகவில்லை. குறியீட்டு வடிவில் ஒரு பெயர் 63 எழுத்தைத் தாண்டக்கூடாது. தமிழ்ப் பெயர் குறியீடாகும்போது நீண்டுவிடும். எனவே நீளமான சங்கப் பெயர், மன்றப் பெயர் எல்லாவற்றையும் முழுதாக வைக்க முடியாமல் போகலாம்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஸ்ரீ என்ற எழுத்தைக் கணினியில் இரண்டு விதமாக உருவாக்கலாம்: ஸ-விலிருந்து ஒன்று, ஶ-விலிருந்து ஒன்று. திரையில் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், கணினிக்கோ இரண்டும் வேறு. ஔவை என்பதில் வரும் ஔ-வும் அப்படித்தான். ஒற்றை எழுத்தாக அடிப்பவரும் உண்டு, ஒ-வையும் ள-வையும் அடுத்தடுத்து அடிப்பவரும் உண்டு. உங்கள் பெயரில் இந்த எழுத்துகள் இருந்தால், பல போன்களில் பல விசைப்பலகைகளில் அடித்துப் பார்த்துவிட்டுப் பதியுங்கள். முடிந்தால் இந்த எழுத்துகள் வராத பெயராக வையுங்கள்.

மின்னஞ்சலுக்குத் தமிழ் முகவரியை மட்டும் நம்ப வேண்டாம். ஜிமெயில் 2014லிருந்தே இத்தகைய முகவரிகளுக்கு அனுப்பவும் பெறவும் இடம் தருகிறது. ஆனால் பில் போடும் மென்பொருள், அரசு விண்ணப்பப் படிவம் போன்ற பல இடங்களில் இன்னும் ஏற்பதில்லை. என் பரிந்துரை: ஆங்கில எழுத்தில் ஒரு பெயரைப் பதிந்து மின்னஞ்சலை அதில் வைத்துக்கொள்ளுங்கள், தமிழ்ப் பெயரையும் பதிந்து அதே தளத்துக்குத் திருப்பிவிடுங்கள். பலகையிலும் லேபிளிலும் இரண்டையும் அச்சிடுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில்

மாமாவுக்கு நேர்ந்தது இந்தப் படியில்தான். வெப்சைட் செய்பவர்கள் "டொமைன், ஹோஸ்டிங் எல்லாம் நாங்களே பாத்துக்குவோம்" என்பார்கள். வாடிக்கையாளருக்குத் தொந்தரவு வேண்டாம் என்ற நல்ல எண்ணத்தில்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஆனால் பதிவாளரின் ஏட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் அந்த இணையப் பெயர். கடைப் பலகை உங்களுடையது என்பது அங்கே செல்லாது.

பதிவாளர் தளத்தில் கணக்கை நீங்களே தொடங்குங்கள். கடையின் பெயர், கடையின் போன் எண், நீங்கள் தினமும் பார்க்கும் மின்னஞ்சல் இவற்றைக் கொடுங்கள். அந்த மின்னஞ்சல் நீங்கள் பதியும் அதே பெயரில் இருக்கக்கூடாது. பெயர் காலாவதியானால் எச்சரிக்கைக் கடிதமும் சேர்ந்து நின்றுவிடும். பணத்தை நீங்களே கட்டி ரசீதை எடுத்து வையுங்கள். தொழில்நுட்ப வேலைக்கு வெப்சைட் செய்பவருக்குத் தனி அனுமதி கொடுக்கும் வசதி பல பதிவாளர்களிடம் உண்டு. அதைப் பயன்படுத்துங்கள், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள்.

ஏற்கனவே பதிந்தவர்கள் இன்றே சரிபாருங்கள். ஐகானின் தேடல் பக்கத்தில் உங்கள் முகவரியை அடித்தால் பதிவாளர் யார், எந்தத் தேதியில் காலாவதியாகிறது என்று வரும். உரிமையாளர் விவரம் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருக்கும். அதனால் அந்தப் பதிவாளரின் கணக்குக்குள் உங்களால் நுழைய முடிகிறதா என்பதுதான் உண்மையான சோதனை. முடியவில்லையென்றால் செய்து கொடுத்தவரிடம் பேசி, பெயரை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். உறவு நன்றாக இருக்கும்போதே கேட்பது நல்லது.

நான்காம் படி: வாங்கிய அன்றே செய்ய வேண்டியவை

பதிந்ததும் ஒரு சரிபார்ப்பு மின்னஞ்சல் வரும். பொதுப் பின்னொட்டுகளில் 15 நாளுக்குள் அதை உறுதிசெய்யாவிட்டால் பெயரை நிறுத்தி வைப்பார்கள். நேற்றுவரை ஓடிய தளம் திடீரென்று படுத்துவிட்டது என்று வருபவர்களில் சிலருக்குக் காரணம் இந்த ஒரே கடிதம்தான்.

அப்புறம், கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பை, அதாவது கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் வசதியை, போடுங்கள். பெயர் வேறு பதிவாளருக்குப் போகாமல் தடுக்கும் பூட்டு திறந்திருந்தால் மூடுங்கள். தானாகப் புதுப்பிக்கும் வசதியைப் போடலாம், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்; கார்டு காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். மூன்று அல்லது ஐந்தாண்டுக்குச் சேர்த்துக் கட்டுவது நிம்மதி. பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனியாகப் பணம் கேட்டால், லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகத் தருகிறது என்பதை நினைவில் வையுங்கள். பதிந்த பிறகு பதிவாளரைப் பிடிக்கவில்லையென்றால், பொதுவாக 60 நாள் கழித்து வேறிடத்துக்கு மாற்றலாம். அதற்கான ரகசியக் குறியீட்டைப் பழைய பதிவாளர் தர வேண்டும்.

புதிய பின்னொட்டு வாங்கியவர்கள் இன்னொரு சோதனை செய்யுங்கள். அந்தப் பின்னொட்டில் ஒரு மின்னஞ்சல் முகவரி உருவாக்கி, நீங்கள் வழக்கமாக நிரப்பும் படிவங்களில் போட்டுப் பாருங்கள். பின்னொட்டு என்றால் மூன்றெழுத்துக்குள் முடியும் என்று நினைத்து எழுதிய பழைய மென்பொருள்கள் இன்னும் ஓடுகின்றன. அவை சரியான முகவரியையும் தவறு என்று சொல்லித் திருப்பி அனுப்பும்.

பெயர் காலாவதியானால் எத்தனை நாள் இருக்கிறது

டாட் காம் போன்ற பொதுப் பின்னொட்டுகளில், காலாவதிக்குப் பின் பதிவாளரைப் பொறுத்து 45 நாள் வரை சாதாரண விலையிலேயே புதுப்பிக்க வாய்ப்புண்டு. சில பதிவாளர்கள் இந்த நாட்களுக்குள்ளேயே பெயரை ஏலத்துக்கு விட்டுவிடுவார்கள், ஆகவே முழுதாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். அதன் பிறகு 30 நாள் மீட்புக் காலம். அப்போது கூடுதல் கட்டணம் கட்டினால்தான் பெயர் திரும்பும். அதுவும் போனால் ஐந்து நாள் அழிப்புக் காத்திருப்பு. அந்த ஐந்து நாளில் யாராலும் எதுவும் செய்ய முடியாது. ஆறாம் நாள், காத்திருந்து பிடிக்கும் நிறுவனங்கள் நொடிப்பொழுதில் எடுத்துக்கொள்ளும். பல ஆண்டு ஓடிய கடையின் பெயர் தேடுபொறிகளில் நல்ல இடத்தில் இருக்கும். சூதாட்டத் தளங்களுக்கு அதுதான் வேண்டும். மாமா கூப்பிட்டபோது இந்த எல்லாக் கட்டங்களும் முடிந்துவிட்டிருந்தன.

பிறர் முகவரியைப் படிக்கும்போது

பின்னொட்டுகள் பெருகியதில் ஏமாற்றுக்காரர்களுக்கும் இடம் பெருகிவிட்டது. வீட்டில் பெரியவர்களுக்கு ஒரே ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள்: முகவரியை வலமிருந்து இடமாகப் படிப்பது. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பிறகு வரும் முதல் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு இடப்பக்கம் கடைசியாக இருப்பது எது என்று பார்க்க வேண்டும். உங்கள் வங்கியின் பெயர் முன்னால் கொட்டை எழுத்தில் இருந்தாலும், சாய்கோட்டுக்கு ஒட்டி முன்னால் ஏதோ ஒரு சொல்லும் டாட் ஷாப்பும் இருந்தால், அது அந்த ஏதோ ஒருவருடைய தளம், வங்கியுடையது அல்ல.

இந்திய ரிசர்வ் வங்கி இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு செய்தது. இந்தியாவில் உள்ள வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் "பேங்க் டாட் இன்" என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என்று உத்தரவிட்டது. அந்தப் பின்னொட்டை ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே, வங்கிகளுக்கு மட்டுமே தரும். உங்களுக்கும் எனக்கும் எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைக்காது. எனவே வங்கி என்று சொல்லி வரும் இணைப்பு பேங்க் டாட் இன்னில் முடியவில்லையென்றால் திறக்காமல் இருப்பதே நல்லது. அரசுத் தளங்களுக்கு கவ் டாட் இன் இருப்பது போலத்தான் இதுவும்.

அடுத்த சுற்று

2012க்குப் பின் முதன்முறையாக, புதிய பின்னொட்டுகளுக்கு விண்ணப்பிக்கும் அடுத்த சுற்றை 2026 ஏப்ரல் 30 முதல் ஆகஸ்ட் 12 வரை என்று ஐகான் அறிவித்தது. கட்டணம் 2,27,000 டாலர், அதாவது சுமார் இரண்டு கோடி ரூபாய். வசதி குறைந்த விண்ணப்பதாரர்களுக்குச் சலுகைத் திட்டமும் இருந்தது. தனிக்கடை வைத்திருப்பவர் இதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் தமிழ் அமைப்புகள் யோசிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஸ்பெயினின் கட்டலான் மொழிக்காரர்கள் தங்கள் மொழிக்கும் பண்பாட்டுக்கும் என்று டாட் கேட் பின்னொட்டை 2005லேயே கேட்டுப் பெற்றார்கள். நாட்டின் பெயரில் அல்ல, மொழியின் பெயரில். பிறகு பாஸ்க், கலீசியன், பிரெத்தோன், வேல்ஸ் என வரிசையாக வந்தன. தமிழுக்கு நாடுகளின் பெயரில் மூன்று பின்னொட்டுகள் இருக்கின்றன. மலேசியத் தமிழரின் நாடும் கனடாத் தமிழரின் நாடும் அதில் இல்லை. மொழியின் பெயரிலேயே ஒன்று இருந்தால் எல்லோருக்கும் பொதுவாக இருக்கும். பணம் மட்டும் போதாது. ஆண்டுக்கணக்கில் பதிவகம் நடத்தும் ஆட்களும் தொழில்நுட்பமும் வேண்டும்.

மாமா கடைசியில் டாட் இன்னில் ஒரு பெயரும், அதே பெயரைத் தமிழில் .இந்தியாவிலும் எடுத்தார். ஐந்தாண்டுக்குக் கட்டினோம். பழைய லேபிள் மீது ஒட்டப் புதிய ஸ்டிக்கர் அடிக்க மட்டும் இரண்டு வாரம் ஆனது. பதிவாளர் கணக்கின் விவரத்தை எழுதி, கடை உரிமச் சான்றிதழ் இருக்கும் அதே கோப்பில் அத்தை வைத்திருக்கிறார். புதுப்பிக்கும் தேதியை, ஆண்டுதோறும் புது நாட்காட்டி வந்ததும் முதல் வேலையாகச் சிவப்பு மையில் குறித்துவிடுகிறார்.